நேர்த்தி வைக்காத முடி

முடியை வெட்டியதற்காக ஒரு பெண்ணை ஒரு கட்டடமே கையெடுத்துக் கும்பிட்டது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில், மூன்று லிஃப்ற்றில் இரண்டு பழுதாகிக் கிடக்க, மிச்சம் ஒன்றுக்காகப் பள்ளிக்கூடப் பையோடு காத்து நின்ற கூட்டம்தானே நாங்கள். இன்றைக்கு ஒருத்தி ஸ்காபரோவில், ஒருத்தி ரெக்ஸ்டேலில், ஒருத்தி எங்கே என்று எவருக்கும் தெரியாது. கண்ணாடி போடாமல் மருந்துப் போத்தலை வாசிக்க முடியாத வயதுக்கு மட்டும் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறோம். அந்தக் கும்பிடு வாங்கியவர் என் அம்மா. வாங்கிக் கொடுத்தவள் நான். இத்தனை வருடமாக வெளியில் சொல்லாததை இப்போது சொல்ல ஒரு காரணம் வந்திருக்கிறது.

பன்னிரண்டு நாளைக்கு முன் என் மகள், தான் படிக்கிற ஊரிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினாள். தலையின் ஒரு பக்கம் மழுங்கச் சிரைத்திருந்தது. மறுபக்கம் காதளவுக்கு முடி நின்றது. கீழே, "அம்மா, பாருங்கோ" என்று எழுதியிருந்தாள். நான் பார்த்தேன். பதில் போடவில்லை. சமைத்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன், அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவளோடு எனக்கு என்ன கோபம் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் குளிர்காலம் ஞாபகம் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் அம்மாவும் பதினோராம் மாடியில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அப்பா கொழும்பில், ஒரு லொட்ஜ் அறையில், ஸ்பொன்சர் அலுவல் முடியக் காத்திருந்தார். அப்பாவின் அக்கா, என் மாமி, பதின்மூன்றாம் மாடியில். நாங்கள் வந்த முதல் வருடம் முழுக்க எங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அவர்தான். அம்மா வேலைக்குப் போனால் பள்ளிக்கூடம் விட்டு நான் போவதும் மாமி வீட்டுக்குத்தான். மாமியின் கோபத்தைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். அவருடைய நெத்தலிப் பொரியலைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. இரண்டும் ஒரே அளவு காரம்.

அப்பாவோடு நாங்கள் பேசியது கசெற்றில். உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே இருந்திருக்கும். ரெலிபோனில் பாதிச் சொல்லைக் கடல் குடித்துவிடும். ஆகவே அம்மா கசெற்றின் ஒரு பக்கத்தில் பேசி அனுப்புவார். அப்பா மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவார். அப்பாவின் பக்கத்தில் எப்போதும் மின்விசிறி கிரீச்சிடும், இடையில் லொட்ஜ்காரர் தேநீருக்குக் கூப்பிடுவார். அம்மாவின் பக்கத்தில் எங்கள் ஃபிரிட்ஜின் உறுமல் கேட்குமாம், அப்பா சொல்லுவார்.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே முடி. மாமிதான் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனவர். "முகத்தைப் பாக்க முன்னம் நான் பின்னலைத்தான் பாத்தனான்" என்று அடிக்கடி சொல்லுவார். "உவ்வளவு முடியைச் சிக்கெடுத்து வளத்த பிள்ளைக்குப் பொறுமை இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்." பொறுமை இருந்தது. ஆனால் ரொறன்ரோக் குளிர் அந்தப் பின்னலைப் பெண் பார்த்து எடுக்கவில்லை. அம்மா வேலை செய்தது ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில், பணிஸ் ரொட்டி அடுக்குகிற வேலை. பின்னலைச் சுருட்டி, வலை போட்டு, அதன்மேல் தொப்பி போட்டால் தலையில் ஒரு பானையைக் கவிழ்த்ததுபோல இருக்கும். சனிக்கிழமை முழுகினால் திங்கட்கிழமையும் உள்முடி ஈரம். அந்த ஈரத்தோடு பஸ்ஸுக்கு நின்று நின்று பீனிசத் தலையிடி பிடித்தது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

அந்தக் குளிரில்தான் எங்கள் சமூகபாட ரீச்சர் வகுப்பில் எல்லோருக்கும் சீட்டெடுத்து ஒரு தலைப்புக் கொடுத்தார். எனக்கு விழுந்தது: இரண்டு உலகப்போர்களுக்கும் நடுவில் அமெரிக்கர்களின் வாழ்க்கை எப்படி மாறியது. புத்தகத்தில் பார்த்து எழுதினால் பாதிப் புள்ளிதான், அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பேட்டி காண வேண்டும் என்றார். வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு விளங்கவில்லை.

"சண்டை நடந்ததைப் பற்றி எண்டாலும் எழுதலாம். சண்டை நடக்காத காலத்தைப் பற்றி எழுத என்ன பிள்ளை கிடக்கு?"

எங்கள் வீட்டுக்கு நேர் முன்கதவு அமெரிக்கன் அன்ரியுடையது. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் அவரைச் சொன்னோம், ஞாபகமிருக்கும். எண்பத்தாறு வயதில் சிவப்பு உதட்டுச்சாயம். லிஃப்ற் கதவு மூட வந்தால் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டி எங்களை ஏற்றிவிடுவார். ஏறியதும் மூக்கை உறிஞ்சி, "இன்றைக்கு யார் வீட்டில் மீன்?" என்று கேட்பார். குறை சொல்கிறாரா, ஆசைப்படுகிறாரா என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, கனடாக்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து, முப்பது வருடம் பெண்களுக்கு முடி வெட்டியவர்.

வெள்ளைக்காரி வீட்டுக்குப் பிள்ளையைத் தனியே விட அம்மாவுக்கு மனமில்லை. இறைச்சி ரோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு தானும் வந்தார். நான் கசெற் ரெக்கோடரை மேசையில் வைத்தேன். அமெரிக்கன் அன்ரி ரோல்ஸைக் கடித்து, காரத்தில் கண் கலங்கி, இன்னொன்று எடுத்துக்கொண்டு தொடங்கினார். அவர் நாலு வசனம் சொல்ல, நான் அம்மாவுக்கு இரண்டு வசனத்தில் தமிழில் சொன்னேன்.

அவருடைய தகப்பன் ரயில் நிலையத்தில் பொறுப்பதிகாரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசை. அந்த நாளில் அமெரிக்காவில் மது விற்கச் சட்டத்தில் தடை. தகப்பன் தடைக்காக ஊர்வலம் போனவர். தமையனோ ஏரியைக் கடந்து, எங்கள் கனடாவிலிருந்து போத்தல் கடத்தி, தகப்பனின் பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தவன்.

"கடல் கடந்து சாமான் ஏத்துறது எங்கடை பக்கத்திலையும் கேள்விப்பட்டதுதானே" என்றார் அம்மா. நான் அதையும் மொழிபெயர்த்தேன். அமெரிக்கன் அன்ரி மேசையில் தட்டிச் சிரித்தார்.

பிறகு வானொலி வந்ததாம். அதில் வந்த நடனப் பாட்டைத் தகப்பன் பிசாசின் சத்தம் என்றாராம். பாவாடை முழங்காலுக்கு ஏறியது, பெண் பிள்ளைகள் பெடியன்களோடு காரில் போனார்கள். எல்லாவற்றிலும் பெரிய சண்டை முடிக்கு. பட்டணத்துப் பெட்டைகள் காதளவில் வெட்டத் தொடங்க, ஊர்களில் தகப்பன்மார் கதவைச் சாத்தினார்களாம். தேவாலயத்தில் அதைப் பற்றியே பிரசங்கமாம். தகப்பனின் கடிதம் இல்லாமல் பெண்ணுக்கு முடி வெட்ட மாட்டேன் என்று அந்த ஊர் சலூன்காரர் சொல்லிவிட்டாராம்.

அம்மா ரோல்ஸ் தட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதென்ன பிள்ளை, எங்கடை ஆக்களைப் பற்றிச் சொல்லுற மாதிரிக் கிடக்கு. இவையளும் பொம்பிளைப் பிள்ளையின்ரை முடியிலையே மானத்தைக் கட்டி வைச்சிருந்தவை?"

பதினேழு வயதில் அமெரிக்கன் அன்ரி, கோடை விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்த சின்னம்மா வீட்டுக்குப் போனார். அங்கே ஆண்கள் வரிசையாக இருந்த ஒரு சலூனுக்குள் போய் வெட்டிக்கொண்டார். பிறகு பயம் பிடித்தது. ஊருக்குத் திரும்பி, கடுங்காய்ச்சல் வந்தது, டொக்டர்தான் முடியை எடுக்கச் சொன்னார் என்று தகப்பனிடம் சொன்னார். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு அப்படி வெட்டுவது உண்டாம். தகப்பன் நம்பினார். மகள் உயிரோடு வந்தாள் என்று ஊர் பார்க்கத் தேவாலயத்தில் முழங்காலில் நின்றார். ஒரு மாதம் தன் கையால் சூப் காய்ச்சிக் கொடுத்தார். காய்ச்சலுக்குப் பிறகு முடி சரியாக வளருதில்லை என்று சொல்லிச் சொல்லியே அன்ரி தகப்பன் இருந்தவரை கட்டையாக வைத்திருந்தார்.

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன். ஒரு பொய், முடியும் போனது, அடியும் விழவில்லை, சூப்பும் கிடைத்தது.

கசெற் முடிகிற நேரம் அமெரிக்கன் அன்ரி யன்னல் பக்கம் திரும்பி மெல்ல ஒரு வசனம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து "என்னவாம்?" என்றார். எனக்குப் பசி. அது பேட்டிக்குத் தேவையானதாகவும் படவில்லை. "ஒண்டுமில்லை அம்மா. தேப்பன் செத்துப்போனாராம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, பீனிசத் துணியை நெற்றியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே அம்மா சொன்னார்: "அவவிட்டைக் கேட்டுப் பார். இன்னும் கத்தரிக்கோல் பிடிப்பாவோ எண்டு."

அமெரிக்கன் அன்ரி என்னிடம் மூன்று தடவை கேட்கச் சொன்னார், நிச்சயம்தானா என்று. அம்மா மூன்று தடவையும் ஓம் என்றார். குசினிக் கதிரையில் அம்மாவை இருத்தி, பின்னலின் மேலும் கீழும் றப்பர் பாண்ட் போட்டு, கழுத்தடியில் கத்தரிக்கோலை வைத்தார். ஒரே வெட்டில் போகவில்லை. அவ்வளவு தடிப்பு. நறநறவென்று அரிந்து அரிந்துதான் வந்தது. பின்னலை அம்மாவின் மடியில் கிடத்திவிட்டு, நின்ற முடியைச் சீராக்கினார். அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, கழுத்துக் குளிருது" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். கனடாவுக்கு வந்து அம்மா அப்படிச் சிரித்ததை அதுவரை நான் கண்டதில்லை. நான் அழுதேன்.

"அப்பா என்ன சொல்லுவார்?"

"தெரியாது" என்றார் அம்மா. சிரிப்பு நின்றுவிட்டது.

பின்னலை ஒரு நீலப் பிஸ்கட் தகரத்துக்குள் வளைத்து வைத்தார். வெளியில் போகும்போது கம்பளித் தொப்பி. குளிர்காலம் நல்ல கூட்டாளி, மூன்று கிழமை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு, நிலக்கீழ் மாடியில் உடுப்புத் தோய்க்கிற அறை வெக்கையில் அம்மா தொப்பியைக் கழற்ற, மாமி உடுப்புக் கூடையோடு உள்ளே வந்திருக்கிறார். அம்மாவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. நேரே மேலே வந்தார். நான் அவருடைய குசினியில் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"கொம்மா ஏனடி முடியை வெட்டினவ?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"தம்பி வாற நேரத்திலை, ஸ்ரைல் காட்ட வெளிக்கிட்டிட்டாவோ? அவன் என்ரை தெரிவை நம்பித் தாலி கட்டினவன். நான் எந்த முகத்தோடை அவனைப் பாக்கிறது? சொல்லடி."

அது கோபமில்லை, பயம் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாமி கசெற்றில் அப்பாவுக்குச் சொல்லுவார், அப்பா வராமல் விட்டுவிடுவார். அமெரிக்கன் அன்ரியின் காய்ச்சல் ஞாபகம் வந்தது. ஆனால் இந்தக் கட்டடத்தில் காய்ச்சலை நம்பமாட்டார்கள். இங்கே நம்புவது வேறொன்றை.

"நேர்த்தி மாமி" என்றேன். "அப்பா சுகமா வந்து சேரவேணும் எண்டு அம்மா நேர்த்தி வைச்சவ. முடியைத் தாறன் எண்டு. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்."

மாமி கதிரையில் இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தார். என் கையில் குழம்புச் சோறு. அது அவருடைய சேலையில் அப்பியது. அவர் பார்க்கவேயில்லை.

ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்ற செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அடுத்த நாளே மூன்றாம் மாடியிலிருந்து வாழைப்பழச் சீப்பு வந்தது. ஏழாம் மாடியிலிருந்து மோதகம். போன கோடையில் வேறொரு அன்ரி முடியை வெட்டியபோது பிடரி சிலுப்புகிற "குதிரை" என்று பட்டம் வைத்த அதே வாய்கள், லிஃப்ற்றில் அம்மாவுக்கு வழிவிட்டு நின்றன. ஒரு கிழவியம்மா கையெடுத்தே கும்பிட்டார்.

மாமி வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுக்கொள்ளும். நான் கண்டபடி நினைச்சுப்போட்டன். எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

அம்மா மாமியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா கேத்திலை எடுத்தார். "தேத்தண்ணி போடட்டே, மச்சாள்?" என்றார்.

மாமி போனபிறகு அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா மோதகத் தட்டை நீட்டினார். "பொய் சொல்லுறதெண்டாச் சின்னதாச் சொல்லவேணும் பிள்ளை. நீ கோயிலளவுக்குச் சொல்லிப்போட்டாய்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டிக்கவில்லை. என்னைப் பொய்க்காரி என்று காட்டிக் கொடுக்கக்கூடாது என்பதற்காக, தான் வைக்காத நேர்த்தியைத் தலையில் சுமந்தார். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருந்த கோயிலுக்கு மாமி வெள்ளிக்கிழமை தோறும் கூட்டிப்போனார். ஐயரிடம் விசயத்தைச் சொல்லி, அம்மாவை முன்னுக்கு நிறுத்தினார். பெரிய பக்திக்காரியில்லாத என் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மற்றவர்கள் அதைப் பக்தி என்றார்கள்.

அந்த மாசி முழுக்க அம்மா வேலையால் வந்ததும் முதலில் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அப்பாவிடமிருந்து கசெற் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, பிறகும் இல்லை. விசா அலுவலாக்கும் என்று நான் நினைத்தேன். அம்மா பெட்டியைப் பூட்டிவிட்டு, லிஃப்ற்றில் மேலே வரும்வரை பிடரியைத் தடவிக்கொண்டே நிற்பார்.

பங்குனியில் விசா கிடைத்த செய்தி வந்தது. சித்திரையில் அப்பா வந்தார். எயாப்போட்டில் கதவு திறக்கத் திறக்க நான் மீசைகளைத் தேடினேன். அப்பா என்றால் எனக்கு அந்த அடர்ந்த மீசைதான். மீசையில்லாத ஒருவர் சூட்கேசோடு வந்து எங்கள் முன்னால் நின்றபோது நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி! மீசை எங்கையடா?" என்று மாமி அலறினார்.

"அங்கை சரியான வெக்கை அக்கா" என்றார் அப்பா.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவை முன்னால் தள்ளினார். "பார் இவவை. நீ வந்து சேரவேணும் எண்டு முடியையே குடுத்தவ."

நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்பாவுக்குப் போடவென்று அம்மா கொண்டுவந்த கம்பளிச் சால்வை அம்மாவின் கையில் இருந்தது. அப்பா அதை வாங்கி, தான் போடாமல், அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"கழுத்துக் குளிரேல்லையே உமக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிறு, மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, மூன்றாம் மாடி, ஏழாம் மாடி அன்ரிமாரும் வந்திருந்தார்கள். மாமி அம்மாவின் தட்டில் இறைச்சியை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னார்: "நேர்த்தி பலிச்சிட்டுது. வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்துபோட்டு இனி வளத்துவிடும். ரெண்டு வருசத்திலை பழைய பின்னல் வந்திடும்."

எல்லோரும் ஓமோம் என்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். பொய் சொன்ன நாளிலிருந்து நான் யோசிக்காத ஒன்று அப்போதுதான் மண்டையில் அடித்தது. நேர்த்திக்குக் கொடுத்த முடி திரும்ப வளர வேண்டும். அம்மா கண்ணாடியில் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்ளும் அந்த முடியை நான்தான் பறித்துக் கொடுத்துவிட்டேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"இல்லை மச்சாள். நான் வளக்கப் போறேல்லை. நேர்த்தி எண்டு ஒண்டும் நான் வைக்கேல்லை. எனக்கு விருப்பமா இருந்தது, வெட்டினனான்."

மாமியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "அப்ப பிள்ளை சொன்னது?"

"பிள்ளை எனக்காகப் பயந்து சொன்னது. அவளை ஏசாதேங்கோ. வாயை மூடிக்கொண்டு இருந்தது நான்தான்."

"ஐயருக்கு முன்னாலை என்னைப் பைத்தியக்காரி ஆக்கினனீரே?"

"அது பிழைதான். அதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மச்சாள்" என்றார் அம்மா. "முடிக்கு இல்லை."

மாமி அப்பாவிடம் திரும்பினார். "கேட்டியே தம்பி?"

அப்பா ஒரு எலும்பைச் சூப்பி முடித்து, தட்டின் ஓரத்தில் வைத்தார். "எனக்கு மாசியிலையே தெரியும் அக்கா. இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ."

மாமி விட்டார். தம்பி சோறு கேட்டால் விடாமல் இருக்க அவருக்குத் தெரியாது. ஆனால் அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை. அவருக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருந்தது. பிறகு ஒருநாள் நெத்தலிப் பொரியல் வந்தது. கோடையில் மாமி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அமெரிக்கன் அன்ரியின் கதவைத் தட்டினார். "நுனி மட்டும் பிள்ளை. நுனி மட்டும் எண்டு வடிவாச் சொல்லு." நான் வடிவாகச் சொன்னேன். அமெரிக்கன் அன்ரி விரலில் ஒரு கணுவைக் காட்டி, இவ்வளவா என்று கேட்டார். மாமி யோசித்து, இரண்டு கணுவைக் காட்டினார்.

ஆனால் அந்த ஞாயிறு மத்தியானம் நடந்ததைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். சாப்பிட்டு வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவின் முன்னால் போய் நின்று அழுதேன். பொய் சொன்னது நான்தான் என்றேன். அப்பா சூட்கேசைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு கசெற்றை எடுத்தார். அம்மா தை மாதக் கடைசியில் அனுப்பியது. ரெக்கோடரில் போட்டார். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினார்.

முதலில் ஃபிரிட்ஜின் உறுமல். தூரத்தில் நான் பாடம் வாசிக்கிற சத்தம். பிறகு அம்மா.

"இஞ்சேருங்கோ. நான் முடியை வெட்டிப்போட்டன். பீனிசம் எண்டு சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனா அதுக்காக மட்டும் இல்லை. எனக்கு ஆசையா இருந்தது. இஞ்சை மச்சாள் ஆக்கள் உங்களுக்கு வைச்ச நேர்த்தி எண்டு நினைக்கினம். பிள்ளை என்னைக் காப்பாத்த எண்டு சொன்னது. அவளோடை கோவியாதேங்கோ. முன்வீட்டு மனிசி தேப்பனுக்குப் பொய் சொல்லித்தான் முடி வெட்டினவ. தேப்பன் செத்துப்போனார். 'என்னை மன்னிக்க நான் அவருக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கேல்லை' எண்டு சொன்னவ. பிள்ளை அதை எனக்குச் சொல்லேல்லை. எனக்கு இங்கிலிஸ் அவ்வளவு வராது, ஆனா அது விளங்கினது. நான் உங்களுக்கு அந்தச் சந்தர்ப்பத்தைத் தாறன். கோவம் எண்டாக் கோவியுங்கோ. ஆனா எயாப்போட்டிலை வந்து பழைய ஆளைத் தேடாதேங்கோ. நான்தான் நிப்பன்."

அதே கதையை நானும் கேட்டேன், அம்மாவும் கேட்டார். நான் அதிலிருந்து ஒரு பொய்யை எடுத்துக்கொண்டேன். நான் சொல்லாமல் விட்ட வசனத்தை அம்மா எடுத்துக்கொண்டார்.

அப்பா கசெற்றைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை, இரைச்சல் மட்டும்.

"ரெண்டு கிழமை சரியான கோவம்" என்றார் என்னிடம், குசினிக்கும் கேட்கும்படி. "இந்தப் பக்கத்திலை பேச ஒண்டும் வரேல்லை. மூண்டாம் கிழமை மீசையை எடுத்துப் பாத்தன். கண்ணாடியிலை நான்தான் நிண்டன். வேறை ஆள் ஒருத்தரும் இல்லை. சரி, மறுபக்கத்தை நேரிலை போய்ச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான்."

குசினியில் தண்ணீர் நின்றது.

அந்தக் கசெற் ஸ்காபரோவுக்கு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. பிஸ்கட் தகரமும்தான், பின்னலோடு. என் பேட்டிக்கு ரீச்சர் நல்ல புள்ளி போட்டார், முடிவு அவசரமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அமெரிக்கன் அன்ரி தொண்ணூறைத் தாண்டி, உதட்டுச்சாயத்தோடுதான் போனார். அம்மா இன்றுவரை கட்டை முடிதான், இப்போது முழுக்க வெள்ளை. அப்பா மீசையைப் பிறகு வளர்த்தார். இவர்கள் எல்லோருக்கும், மாமிக்கும் சேர்த்து, எனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நான் நேரில் ஒழுங்காகச் சொன்னதில்லை.

என் மகள் காய்ச்சல் என்று சொல்லவில்லை. நேர்த்தி என்றும் சொல்லவில்லை. வெட்டிய கையோடு படத்தை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். பாருங்கோ என்கிறாள். அவள் தந்த சந்தர்ப்பத்தைப் பன்னிரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை, இதை எழுத உட்காரும் முன், அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்.

"கழுத்துக் குளிருதோ பிள்ளை?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது.

"ஓம் அம்மா. சரியாக் குளிருது."